அலைபேசிச் சந்தாதாரரின் ஐ.பி. முகவரி எதைச் சுட்டுகிறது?

1. கேள்வி

திருச்சி மாநகரில் கிராப்பட்டிக்கும் பஞ்சப்பூருக்கும் இடைப்பட்ட குடியிருப்பு எடமலைப்பட்டி புதூர். அங்கே வீட்டிலிருந்தபடி மொபைல் டேட்டாவை இயக்கி, ஐ.பி. முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறப்பவருக்கு ஊர்ப் பெயராகச் சென்னை தென்படலாம். வேறொரு பெருநகரமும் தென்படலாம். திருச்சி என்று வராததை அந்தத் தளத்தின் கோளாறு என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அது அலைபேசி வலையமைப்பு கட்டப்பட்டிருக்கும் விதத்தின் நேரடி விளைவு. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் இணையக் குற்றம் பற்றிய நம் செய்திகளும், பல நேரங்களில் விசாரணைகளும், "ஐ.பி. முகவரியை வைத்து ஆளைக் கண்டுபிடித்தனர்" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன.

தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரு சந்தாதாரருக்கு வழங்கும் ஐ.பி. முகவரி எதைச் சுட்டுகிறது: ஆளையா, கருவியையா, இடத்தையா? இக்கட்டுரை ஆராய்வது இந்த ஒரு கேள்வியை. அம்முகவரி தனித்து நின்று இம்மூன்றில் எதையும் சுட்டுவதில்லை. நிறுவனத்தின் பதிவேட்டோடு சேரும்போதுதான் அதற்குப் பொருள் பிறக்கிறது என்பது என் வாதம். அது சரியென்றால், நாம் கேட்க வேண்டியவை அந்தப் பதிவேட்டின் துல்லியத்தைப் பற்றியும் அதை யார் பார்க்க முடியும் என்பதைப் பற்றியுமான கேள்விகள்.

2. நிலவும் புரிதல்கள்

பொதுப்புத்தியில் ஐ.பி. முகவரி ஒரு வீட்டின் கதவிலக்கம். இந்தப் புரிதல் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை 2007இல் நடந்த ஒரு கைது காட்டியது. ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படங்கள் வெளியானதை விசாரித்த புனே காவல்துறை, படங்கள் பதிவேற்றப்பட்ட ஐ.பி. முகவரியைப் பெற்று, அதற்குரிய சந்தாதாரர் யார் என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் தந்த விவரத்தின் பேரில் பெங்களூருவில் ஒரு மென்பொருள் ஊழியர் அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று கைதுசெய்யப்பட்டார். தரப்பட்ட விவரமே தவறு. அவருக்கும் அந்தப் படங்களுக்கும் தொடர்பில்லை. அது தெளிவாகி வெளியே வருவதற்குள் அவர் சுமார் 50 நாள் சிறையில் கழித்திருந்தார். அவருடையது வீட்டுக்கு வரும் நிலையான இணைப்பு. முகவரிக்கும் சந்தாதாரருக்கும் உள்ள தொடர்பு ஒப்பீட்டளவில் எளிமையாக இருக்கும் இடத்திலேயே இப்படி நடந்திருக்கிறது.

பொறியாளர்களின் புரிதல் வேறு. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 என்ற இணையத் தரநிலை ஆவணம், ஐ.பி. நெறிமுறையின் நான்காம் பதிப்பை வரையறுத்தது. அதன்படி முகவரி என்பது தரவுப் பொட்டலம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கான குறி மட்டுமே. ஆளடையாளம் அதன் வேலைகளில் ஒன்றாக இருந்ததில்லை. அந்தப் பணி பிற்காலத்தில் வெளியிலிருந்து அதன் மேல் ஏற்றப்பட்டது.

நீதிமன்றங்கள் இவ்விரண்டுக்கும் இடையில் ஊசலாடுகின்றன. ஜெர்மானிய அரசியலர் பேட்ரிக் ப்ரெயர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2016 அக்டோபர் 19 அன்று தீர்ப்பளித்தது. இணையதளம் நடத்துபவரிடம் இருக்கும் மாறும் ஐ.பி. முகவரி, சேவை நிறுவனத்திடம் உள்ள கூடுதல் தகவலைச் சட்டவழியில் பெற்று ஆளை அறியும் வாய்ப்பு அவருக்கு இருக்குமானால், தனிநபர்த் தரவாகவே கொள்ளப்படும் என்றது அது. அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018 ஆகஸ்டில், காப்ளர் நெவாடா என்ற நிறுவனம் திரைப்படத் திருட்டுக்காகத் தொடுத்த வழக்கில், முகவரியைத் தன் பெயரில் பதிந்திருப்பவர் என்பது மட்டுமே ஒருவரைக் குற்றஞ்சாட்டப் போதாது என்றது. பலர் வந்துபோகும் ஒரு பராமரிப்பு இல்லத்தின் இணைப்பு அது. மேலோட்டமாகப் பார்த்தால் இரு தீர்ப்புகளும் முரண்படுவது போலிருக்கும். என் பார்வையில் இரண்டும் ஒரே இடத்தைத்தான் தொடுகின்றன. முகவரியோடு சேர வேண்டிய இன்னொரு தகவல் வேறொருவர் கையில் இருக்கிறது. அது சேராதவரை முகவரி அரைகுறைச் சான்றுதான்.

3. அலைபேசிக்கு முகவரி கிடைக்கும் முறை

4ஜி அலைபேசியை இயக்கியதும் அது அருகிலுள்ள டவர் வழியாக வலையமைப்பின் மையப் பகுதியிடம் தன்னைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறது. சிம்மில் உள்ள சந்தாதாரர் எண்ணும் மறைக்குறியும் நிறுவனத்தின் தரவுத்தளத்தோடு ஒப்பிடப்படுகின்றன. சிம் செல்லும் என்று உறுதியானதும், அலைபேசி அமைப்புகளில் ஏ.பி.என். என்ற பெயரில் நாம் பார்க்கும் அணுகுபுள்ளியை வைத்து, எந்த நுழைவாயிலுக்கு இணைப்பைக் கொண்டுபோவது என்று முடிவாகிறது. அந்த நுழைவாயிலுக்கு 2ஜி, 3ஜி காலத்தில் ஜி.ஜி.எஸ்.என். என்று பெயர், 4ஜியில் பி-கேட்வே. 5ஜியின் தனித்த வலையமைப்பில் முகவரி வழங்கும் பொறுப்பு எஸ்.எம்.எஃப். என்ற மென்பொருள் உறுப்புக்கு மாறியிருக்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றே. தன்னிடமுள்ள முகவரித் தொகுப்பிலிருந்து ஒன்றை எடுத்து, அந்த அமர்வு நீடிக்கும்வரை அந்த அலைபேசிக்கு ஒதுக்குவது. வீட்டு வைஃபை ரூட்டரிடம் கணினி தனியாக முகவரி கேட்பது போன்ற ஒரு படி பொதுவாக இங்கே கிடையாது; இணைப்பை அமைத்துத்தரும் சமிக்ஞைச் செய்தியிலேயே முகவரியும் வந்துவிடுகிறது.

டவர்கள் ஊரெங்கும் இருக்கின்றன. நுழைவாயில்கள் சில பெருநகரத் தரவு மையங்களில் மட்டுமே இருக்கின்றன. எடமலைப்பட்டி புதூரின் டவரிலிருந்து நுழைவாயில்வரை தரவு ஜி.டி.பி. என்ற நெறிமுறையின் சுரங்கத்துக்குள் பயணிக்கிறது. வெளியுலக இணையத்துக்கு அந்தச் சந்தாதாரர் 'தொடங்கும்' இடம் நுழைவாயில்தான். தொடக்கத்தில் சொன்ன இணையதளம் சென்னை என்று காட்டுவதன் காரணம் இதுவே. தான் காண்பதை அது சரியாகத்தான் சொல்கிறது. காண முடிவது நுழைவாயிலை மட்டும்.

இதிலிருந்து இரு விளைவுகள் வருகின்றன. புதூரில் பேருந்தேறி, மத்திய பேருந்து நிலையம், சத்திரம் வழியாகக் காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் போகும் ஒருவரின் அலைபேசி வழியில் பல டவர்களுக்குக் கைமாறும். அவருடைய ஐ.பி. முகவரி மாறாது. சுரங்கத்தின் டவர் முனைதான் இடம்பெயர்கிறது. நுழைவாயில் முனை நகராமல் நிற்கிறது. பாட்டுக் கேட்டுக்கொண்டே போகிறவருக்குப் பாட்டு அறுபடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மறுபக்கம், வீட்டுத் திண்ணையை விட்டு எழாத ஒருவர் ஏரோபிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் அமர்வு முடிந்து புதியது பிறக்கும். முகவரியும் பெரும்பாலும் மாறிவிடும். ஊர் கடந்தும் மாறாமல், இருந்த இடத்திலேயே மாறும் ஒன்றை இடத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

எல்லை தாண்டினாலும் இதே கதைதான். திருச்சி விமான நிலையத்தில் சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ விமானம் ஏறுபவர் அங்கே இறங்கி இந்திய சிம்மை ரோமிங்கில் பயன்படுத்தினால், வழக்கமான ஏற்பாட்டில் அவர் தரவு தாய்நிறுவனத்தின் இந்திய நுழைவாயிலுக்கே திரும்பி வந்து அங்கிருந்துதான் இணையத்துக்குள் போகும். அவர் சாங்கி விமான நிலையத்தில் நிற்பார். இணையதளங்கள் அவரை இந்தியாவில் இருப்பவராகவே எண்ணும். சந்தாதாரர் எந்த டவரின் கீழ் இருந்தார் என்ற விவரமும் நிறுவனத்திடம் பதிவாகிறது என்பது உண்மை. ஆனால் அது ஐ.பி. முகவரிக்குள் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது நம் ஊடகங்களில் வேரூன்றிப்போன பழக்கம்.

ஐ.பி. முகவரிக்கு வரைபடப் புள்ளி தரும் வணிகத் தரவுத்தளங்கள் இக்குழப்பத்தை வளர்க்கின்றன. மேக்ஸ்மைண்ட் நிறுவனம், அமெரிக்காவுக்குள் எங்கே என்று தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்பகுதியில் ஒரு பொதுப் புள்ளியைக் கொடுத்து வைத்திருந்தது. அப்புள்ளி கன்சாஸ் மாநிலத்தின் போட்வின் ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டின் மேல் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட முகவரிகள் அந்த வீட்டைச் சுட்டின. திருட்டு, மோசடி, காணாமற்போனவர்கள் என்று எதைத் தேடியவர்களும் பல ஆண்டுகள் அங்கே வந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். 2016இல் இது வெளிச்சத்துக்கு வந்த பிறகே அந்நிறுவனம் புள்ளியை நகர்த்தியது. 'தெரியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் துல்லியமான ஒரு எண்ணைத் தந்ததுதான் அங்கே நடந்த தவறு.

4. பற்றாக்குறையும் பகிர்வும்

இதுவரை சொன்னதில் ஒரு அலைபேசிக்கு ஒரு முகவரி என்று எளிமைப்படுத்தியிருந்தேன். நான்காம் பதிப்பில் அதுவும் கிடையாது.

அப்பதிப்பின் முகவரி 32 பிட் நீளம் கொண்டது. மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று மண்டலப் பதிவகங்களுக்குப் பகிரப்பட்டுத் தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏபிநிக், அவ்வாண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அதன்பின் உறுப்பினர் ஒருவருக்கு அத்தொகுதியிலிருந்து அதிகபட்சம் 1,024 முகவரிகள் என்ற பங்கீடு வந்தது. 2019இல் அது 512 ஆகக் குறைந்தது. கோடிக்கணக்கில் சந்தாதாரர்களைச் சேர்க்கும் நிறுவனத்துக்கு இந்த எண்ணிக்கை எம்மாத்திரம்! இந்தியாவின் தேசிய முகவரிப் பதிவகமான ஐரின், தேசிய இணையப் பரிமாற்றகமான நிக்ஸியின் கீழ் 2012இல் செயல்படத் தொடங்கியபோது கிடங்கு ஏறக்குறையக் காலி. தொலைத்தொடர்புத் துறை 2013 மார்ச்சில் வெளியிட்ட, ஐ.பி. நெறிமுறையின் ஆறாம் பதிப்புக்கான இரண்டாவது வழிகாட்டு ஆவணம் இந்நிலையை வெளிப்படையாகவே சொன்னது: நாட்டிடம் இருந்தவை சுமார் 3.5 கோடி முகவரிகள். தரவுப் பயனாளர்களோ சுமார் 36 கோடி. பத்துப் பேருக்கு ஒன்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களும் 1980களில் கோடிக்கணக்கான முகவரிகளைக் கேட்டதும் பெற்றுவைத்துக்கொண்ட வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய விகிதம் இது. பிந்திவந்த நாடுகள் மிச்சத்தைப் பகிர்ந்துகொண்டன.

பகிர்வுக்கு வழி முன்பே இருந்தது. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918, எவரும் தம் வளாகத்துக்குள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய தனியார் முகவரிகளை ஒதுக்கியது. அவற்றில் பெரியது 10 என்று தொடங்கும் தொகுதி, 1.67 கோடி முகவரிகள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ஆகப்பெரிய தனியார் தொகுதியைக் கொண்டு இந்த ஒரு மாநிலத்தைக்கூட ஆளுக்கொன்றாக எண்ணிட்டு முடிக்க முடியாது. 2012 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 6598 சேவை நிறுவனங்களுக்கென்றே 100.64 முதல் 100.127 வரையிலான இன்னொரு தொகுதியைத் தந்தது. அதிலுள்ளவை 42 லட்சத்துக்கும் குறைவு. ஆகவே ஒரே நிறுவனத்தின் வெவ்வேறு நுழைவாயில்கள் அதே தனியார் முகவரியை வெவ்வேறு பேருக்கு ஒரே நேரத்தில் வழங்குகின்றன.

இந்தத் தனியார் முகவரியோடு வெளி இணையத்துக்குப் போக முடியாது. நுழைவாயிலுக்கு அப்பால் நிற்கும் மாபெரும் முகவரி மாற்றி, பலருடைய தனியார் முகவரிகளைச் சில பொது முகவரிகளாக மாற்றி அனுப்புகிறது. திரும்பி வரும் பதிலை உரியவரிடம் சேர்க்க அது நம்பியிருப்பது போர்ட் எண்ணை. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் எண்கள் உண்டு. முதல் 1,024ஐ ஒதுக்கிவைத்து, ஆளுக்கு 1,008 எண்கள் கொண்ட கற்றையைத் தந்தால், ஒரு பொது முகவரிக்குப் பின்னால் ஒரே நொடியில் 64 சந்தாதாரர்கள் நிற்கலாம். கற்றையைப் பாதியாக்கினால் 128 பேர். எடமலைப்பட்டி புதூரில் இருப்பவரும் தூத்துக்குடியில் இருப்பவரும் ஓசூரில் இருப்பவரும், ஒருவரையொருவர் அறியாமல், அந்த நொடியில் வெளியுலகுக்கு ஒரே முகவரியாகத் தெரியக்கூடும். விடுதி அறையொன்றில் பலர் தங்கியிருக்க, வெளியே அறை எண் மட்டும் தெரிவதற்கு ஒப்பான நிலை இது. எந்தக் கட்டிலில் யார் என்பது வரவேற்பாளரின் பேரேட்டில் மட்டுமே இருக்கிறது.

ஒருவர் செய்த தவறுக்குப் பலர் தண்டனை பெறுவது இதன் உடனடி விளைவு. 2007 புத்தாண்டை ஒட்டி விக்கிப்பீடியா ஒரு முகவரியைத் தடைசெய்தபோது, கத்தார் நாட்டின் பயனாளர்கள் ஏறத்தாழ எல்லோரும் தொகுக்கும் வாய்ப்பை இழந்தார்கள். அந்நாட்டின் இணையப் போக்குவரத்து முழுவதும் பதிலி வழங்கி வழியாக அந்த ஒரு முகவரியில் வெளியேறிக்கொண்டிருந்தது. தடை சில மணி நேரத்தில் நீங்கியது. முகவரியை ஆளாகக் கருதும் நிர்வாகப் பழக்கம் நீங்கவில்லை.

5. பதிவேட்டின் அதிகாரம்

பகிரப்பட்ட முகவரிக்குப் பின்னால் இருப்பவரை அறிய மூன்று தகவல்கள் ஒருங்கே வேண்டும்: பொது முகவரி, போர்ட் எண், துல்லியமான நேரம். இணையதளங்கள் இம்மூன்றையும் பதிய வேண்டும் என்று 2011 ஜூனிலேயே ஆர்.எஃப்.சி. 6302 பரிந்துரைத்தது. நடைமுறை அதைக் கேட்கவில்லை. உலகின் பெரும்பகுதி இணையதளங்களைத் தாங்கும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் மென்பொருள்களின் வழக்கமான பதிவு வடிவத்தில் பயனாளரின் முகவரியும் நேரமும் இருக்கும். போர்ட் எண் இருக்காது. தளம் முகவரியையும் நேரத்தையும் மட்டும் தந்தால் தொலைத்தொடர்பு நிறுவனம் நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் ஒரு பெயர்ப் பட்டியல்தான். பட்டியலிலிருந்து ஒரு பெயருக்கு விசாரணை எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் கேட்க வேண்டும். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இந்தப் பகிர்வு முறையைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே கோரியது. பயனாளரின் அந்தரங்கத்தை அது கருதவில்லை. குற்றவாளியைத் தனித்தறிய முடியாத தன் இடரைத்தான் சொன்னது. அந்தக் கோரிக்கையே, முகவரி மட்டும் போதாது என்பதற்குக் காவல்துறைத் தரப்பிலிருந்து வந்த ஒப்புதல்.

நேரத்தின் சிக்கல் இந்தியாவில் இன்னும் கூர்மையானது. வெளிநாட்டு வழங்கிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மாற்றிக் கணக்கிட ஒருவர் மறந்தால், போர்ட் கற்றை அதற்குள் பல கை மாறியிருக்கும். பதிவேடு முற்றிலும் தொடர்பற்ற ஒருவரை எந்தத் தயக்கமுமின்றிக் காட்டும். கணினி அவசரநிலை எதிர்வினைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கிகளோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. அந்த உத்தரவில் பலராலும் விவாதிக்கப்பட்டது வி.பி.என். நிறுவனங்கள் பயனாளர் விவரத்தை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்ற பகுதி. சாதாரண மனிதரின் விடுதலை தொங்கிக்கொண்டிருப்பது கவனம் பெறாத இந்தக் கடிகார விதியில்தான் என்று நினைக்கிறேன்.

தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையைத் திருத்தி, அழைப்புப் பதிவுகளையும் ஐ.பி. பயன்பாட்டுப் பதிவுகளையும் வைத்திருக்க வேண்டிய காலத்தை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்த்தியது. ஆக, இரண்டாண்டுக் காலம் ஒவ்வொரு சந்தாதாரருக்கும் எந்த நொடியில் எந்த முகவரி இருந்தது என்ற பேரேடு நிறுவனத்திடம் இருக்கும். அதை அரசு கேட்டுப் பெறலாம். சந்தாதாரர்? 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தன் தரவைப் பற்றிக் கேட்டறியும் உரிமையைப் பிரிவு 11இல் தருகிறது. குற்றப்புலனாய்வுக்காகத் தரவு கையாளப்படும்போது அவ்வுரிமைக்குப் பிரிவு 17இல் விலக்கும் தருகிறது. பதிவேடு ஒருவருக்கு எதிராகப் பேசும் தருணமே அவர் அதைச் சரிபார்க்க மிகவும் தேவைப்படும் தருணம். சட்டம் சரியாக அந்த இடத்தில் கதவைச் சாத்துகிறது.

பதிவேடு பிழையின்றி இருந்தாலும் அது காட்டுவது சிம்மை. குடும்பத்தில் அப்பா பெயரில் வாங்கிய சிம் மகளிடமும், மகன் பெயரில் வாங்கியது ஊரிலிருக்கும் தாத்தாவிடமும் இருப்பது நம் வீடுகளில் இயல்பு. ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை விதி அனுமதிக்கிறது. ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டால் அறையிலுள்ள நால்வரும் ஒரே சந்தாதாரர். முகவரியிலிருந்து அமர்வு, அமர்விலிருந்து சிம், சிம்மிலிருந்து மனிதர் என்ற மூன்று தாவல்களில் பதிவேடு தாங்கக்கூடியவை முதல் இரண்டே. மூன்றாவதைச் சாட்சிகளும் கருவி ஆய்வும் கொண்டுதான் நிறுவ முடியும்.

6. ஆறாம் பதிப்பு மாற்றுவதும் மாற்றாததும்

பற்றாக்குறைக்கான நிலையான தீர்வு 1998 டிசம்பரிலேயே ஆர்.எஃப்.சி. 2460ஆக எழுதப்பட்டுவிட்டது. 128 பிட் நீள முகவரி. இந்தியாவில் அது பரவியது பெரிதும் அலைபேசி வழியாகத்தான். 2016 செப்டம்பர் 5 அன்று வணிகச் சேவையைத் தொடங்கிய ஜியோ, பழைய 2ஜி, 3ஜி சுமை இல்லாத 4ஜி வலையமைப்போடு வந்து, 170 நாளில் 10 கோடிச் சந்தாதாரர்களை எட்டியது. முன்சொன்ன பங்கீட்டு விதியின் கீழ் இத்தனை பேருக்கு நான்காம் பதிப்பு முகவரிகள் எங்கிருந்தும் கிடைத்திருக்காது. ஏபிநிக்கின் அளவீட்டில் இன்று இந்தியப் பயனாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஆறாம் பதிப்பைப் பயன்படுத்தும் திறன் கொண்டவர்கள். உலக அளவில் இது முன்வரிசை. முன்பு பங்கு கிடைக்காமல் பின்தங்கிய நாடு, அக்காரணத்தாலேயே புதியதில் முந்திக்கொண்டது.

இப்பதிப்பில் அலைபேசிக்கு ஒற்றை முகவரி தரப்படுவதில்லை. 64 பிட் நீள முன்னொட்டு ஒன்று முழுதாகத் தரப்படுகிறது. மிச்ச 64 பிட்டை அலைபேசியே நிரப்பிக்கொள்ளும். ஒரு நிறுவனம் எளிதில் பெறக்கூடிய சாதாரண ஒதுக்கீடு ஒன்றில் மட்டும் 429 கோடி முன்னொட்டுகள் அடங்கும். பழைய இணையம் முழுவதற்கும் இருந்த முகவரிகளின் எண்ணிக்கை அது. பகிர வேண்டிய தேவையே எழுவதில்லை. போர்ட் எண் இல்லாத பதிவும் இப்போது ஒரே சந்தாதாரரைக் காட்டும். யாரோ செய்த தவறுக்கு 64 பேர் சந்தேகத்துக்குள்ளாகும் நிலை இங்கே மறைகிறது. அது பெரிய நன்மை.

கூட்டத்தில் ஒருவராக இருந்த மறைவும் அதோடு போய்விடுகிறது. பின்பாதி மாறாமலிருந்தால் ஒருவரைத் தளத்துக்குத் தளம் பின்தொடரலாம் என்பதை உணர்ந்து, 2001இல் ஆர்.எஃப்.சி. 3041 அப்பாதியை அவ்வப்போது தற்செயலாக மாற்றிக்கொள்ளும் முறையை வகுத்தது, 2021இல் ஆர்.எஃப்.சி. 8981 அதைச் செப்பனிட்டது. வீட்டு இணைப்பில் பல கருவிகள் ஒரே முன்னொட்டைப் பகிர்வதால் இதற்குப் பயனுண்டு. அலைபேசியில் முன்னொட்டே ஒரு சந்தாதாரருக்கு மட்டும் உரியது. பின்பாதியை எத்தனை முறை மாற்றினாலும் முன்பாதி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். விளம்பர நிறுவனங்களுக்கு இந்தப் பாதியே போதும்.

ஆகவே அந்த முன்னொட்டு எவ்வளவு காலம் ஒருவரிடம் நிற்கிறது என்பதே இனி தீர்மானமான கேள்வி. அலைபேசி வலையமைப்புகளுக்கான 3ஜிபிபி தரநிலைகள் இந்தக் கால அளவைக் கட்டாயப்படுத்தவில்லை. அலைபேசி வலையமைப்போடு சேரும் ஒவ்வொரு முறையும் புதியதைத் தரலாம். சந்தாதாரர் தரவுத்தளத்தில் எழுதிவைத்து எப்போதும் ஒன்றையே தரவும் வழியிருக்கிறது. முதலாவது பின்தொடர்தலைக் கடினமாக்கி, பதிவேட்டின் சுமையைக் கூட்டும். இரண்டாவது பதிவேட்டை எளிதாக்கி, சந்தாதாரருக்கு மாறாத ஒரு எண்ணைச் சூட்டிவிடும். இது நிறுவனத்தின் நுழைவாயிலில் ஒரு பொறியாளர் தேர்ந்தெடுக்கும் அமைப்பு மட்டுமே. சிம் வாங்கும்போது நாம் கையெழுத்திடும் விண்ணப்பம் எத்தனையோ விவரங்களைக் கேட்கிறது. முன்னொட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறும் என்ற ஒரு வரியை அது நமக்குச் சொல்வதில்லை. அதைச் சொல்லும்படி நிறுவனங்களைப் பணிக்கும் அதிகாரம் உரிம நிபந்தனைகளை எழுதும் தொலைத்தொடர்புத் துறையிடமே இருக்கிறது. பதிவுகளை இரண்டாண்டு வைத்திருக்கச் சொன்ன அதே திருத்த முறையில், சந்தாதாரருக்கு இதை அறிவிக்கவும், விசாரணைக்குத் தரும் ஒவ்வொரு பதிவிலும் போர்ட் எண், நேர வலயம், கடிகார ஒத்திசைவு நிலை ஆகியவற்றைச் சேர்க்கவும், வழக்கில் சிக்கியவருக்கு அதன் முழு நகலைத் தரவும் அது ஆணையிடலாம்.